பட்டு மடி காத்தல்

பண்டைய மதுரையின் அறுவை வீதியைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை காட்டுகிறது. பருத்தி நூல், மயிர், பட்டு ஆகியவற்றால் நெய்த துணிகள் அங்கே பலநூறு அடுக்குகளாக விளங்கின. அவற்றை இளங்கோவடிகள் 'மடி' என்றே குறிக்கிறார். அச்சொல் மடிப்பையும் ஆடையையும் உணர்த்தும்; வழிபாட்டு வழக்கில் தூய்மையையும் உணர்த்தும்.

சித்திரைப் பெருவிழாவில் வையையில் எழுந்தருளும் கள்ளழகர் எந்நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என மக்கள் ஆவலோடு நோக்குவர். பச்சைப் பட்டாயின் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. இறைவனின் பட்டை இவ்வாறு போற்றும் அன்பர், தம் பட்டு அங்கவஸ்திரத்தைப் பெட்டியில் இட்டு மறந்துவிடுகின்றனர். பல்லாண்டு கழித்து விரித்தால் அது மடிப்பு வழியே கிழிகிறது. பாட்டனார் மணநாளில் அணிந்த பட்டு பெயரனின் தோளுக்கு எட்டாமற் போகிறது.

பட்டு, புழுவின் கூட்டிலிருந்து பெறும் புரத இழை. வியர்வையும் வெயிலும் அதனை நலிவிக்கும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் இழை இறும், சரிகை முறியும்.

ஆதலின் கோயிலிலிருந்து திரும்பியதும் அதனை நிழலில் விரித்து, வியர்வை உலர்ந்த பின்னரே மடித்தல் வேண்டும். திருநீறு, குங்குமம் படிந்திருப்பின் மெல்ல உதறுக, தேய்த்தல் கூடாது. சரிகை உட்புறம் அமைய மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க. பிளாஸ்டிக் உறை ஈரத்தைத் தேக்குமாதலின் ஆகாது. உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ துணியில் முடிந்து, பட்டின்மேல் படாதவாறு அருகில் வைக்கலாம். மூன்று திங்களுக்கு ஒருமுறை விரித்துக் காற்றாடவிட்டு, மடிப்பை இடம் மாற்றுக.

ஆலவாய் அண்ணல் திருமுன் அணிந்து நின்ற ஆடையைப் பேணுதலும் வழிபாட்டின் ஒரு கூறேயாகும்.