மூன்றாவது பயணி

பணியின் பொருட்டு ஊர் மாறுவது மலேசியாவில் புதிதன்று. ஆசிரியர்கள், தாதியர், காவல் துறையினர் எனப் பலரும் நியமனக் கடிதம் கிடைத்த சில வாரங்களிலேயே மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு வேறு மாநிலத்திற்குப் புறப்படுகின்றனர். கட்டிலையும் அலமாரியையும் லோரியில் ஏற்றிவிடலாம். புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிவிடலாம். வீட்டில் வளரும் பூனையை என்ன செய்வது?

அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வோர் உண்டு. உணவங்காடிப் பக்கம் இறக்கிவிட்டு, “அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும்” என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வோரும் உண்டு. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனைக்கு அந்தப் பிழைப்பு எளிதன்று. உடன் அழைத்துச் செல்வதே முறை. ஆனால், அதற்கும் ஆயத்தம் வேண்டும்.

ஜொகூர் பாருவில் வசிக்கும் இளம் ஆசிரியை ஒருவருக்குக் கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் பணியிடம் கிடைக்கிறது எனக் கொள்க. இரண்டு ஊர்களுக்கும் இடையே 700 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். 1994ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், இடையிடையே ஓய்வெடுத்துச் சென்றால் ஒரு பகல் பொழுது கரைந்துவிடும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளியில் இருக்க வேண்டும். எனவே, வியாழக்கிழமை லோரியில் பொருள்களை ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை விடியுமுன் மகிழுந்தில் புறப்படுவது என முடிவாகிறது. “நானும் வருகிறேன். மாறி மாறி ஓட்டலாம்” என்கிறார் பள்ளிக் காலத் தோழி. பயணிகள் இருவர் அல்லர்; மூவர். மூன்றாவது பயணிக்கு மட்டும் எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்று யாராலும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பூனைக்கு வீடு என்பது சுவரும் கூரையும் அன்று, வாசனை. நாற்காலிக் காலிலும் கதவு ஓரத்திலும் அது கன்னத்தை உரசிச் செல்வதைப் பலர் கொஞ்சல் என்று எண்ணுகின்றனர். கன்னத்தில் உள்ள சுரப்பிகளின் மணத்தை அது அங்கே பதிக்கிறது. ‘இது என் இடம்’ என்று தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. லோரி வந்து நாற்காலியும் மேசையும் வெளியேறும்போது, அந்தக் குறிப்புகளும் சேர்ந்தே வெளியேறுகின்றன. மனிதர்கள் பெட்டி கட்டத் தொடங்கிய நாள் முதலே பூனை உண்ணாமலும் கட்டிலுக்கடியில் பதுங்கியும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, ஆயத்தம் புறப்படும் நாளில் அன்று, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். பெரும்பாலான பூனைகள் பயணக் கூண்டைக் கண்டாலே ஓடி ஒளியும். கால்நடை மருத்துவரிடம் ஊசி போடச் செல்லும் நாளில் மட்டுமே அது வெளியே எடுக்கப்படுகிறது அல்லவா? கூண்டை வரவேற்பறையில் திறந்தே வைத்து, பழைய துண்டு ஒன்றை உள்ளே விரித்து, உணவையும் அங்கேயே வைத்துவந்தால் சில நாள்களில் அது படுக்கை ஆகிவிடும். அந்தத் துண்டைத் துவைக்கக் கூடாது. அழுக்குத் துண்டாக நமக்குத் தோன்றுவது, அதற்குக் கையோடு கொண்டுசெல்லும் வீடு.

மருத்துவரைச் சந்தித்துத் தடுப்பூசியைச் சரிபார்ப்பதோடு, மைக்ரோசிப் பொருத்துவதும் நல்லது. அரிசி மணி அளவுள்ள அச்சில்லு தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் செலுத்தப்படும். பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. கருவியை வைத்துப் படித்தால் ஓர் எண்ணை மட்டும் சொல்லும். அந்த எண்ணுக்கு உரிய பதிவில் உரிமையாளரின் புதிய தொலைபேசி எண் இல்லாவிட்டால் சில்லு இருந்தும் பயனில்லை. பயணத்தில் பூனை உறங்க வேண்டும் என்று வீட்டிலுள்ள மாத்திரை எதையும் கொடுத்துவிடக் கூடாது. மனிதர்களுக்குச் சாதாரணமான பாராசிட்டமோல் பூனையின் உயிரையே பறிக்கக்கூடிய நஞ்சு. மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வியாழக்கிழமை லோரிக்காரர்கள் வரும்போது வாசற்கதவு மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். அதற்கு முன்பே பூனையைக் குளியலறையிலோ காலி அறையிலோ விட்டுக் கதவைச் சாத்தி, ‘உள்ளே பூனை, திறக்காதீர்’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட வேண்டும். மலாயிலும் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது.

மறுநாள் விடியற்காலை நான்கு மணி. வெயில் ஏறுமுன் நெடுந்தூரம் கடந்துவிடலாம் என்பதற்காகவே இந்த நேரம். சில மணி நேரத்திற்கு முன்பே பூனைக்கு உணவு நிறுத்தப்பட்டுவிட்டது. வயிறு நிறைந்திருந்தால் வாந்தி எடுக்கும். கூண்டு பின்னிருக்கையில் இருக்கைவாரால் இறுக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் மெல்லிய துணி. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று பழமொழி கேலி செய்கிறது. விரைந்து ஓடும் விளக்குகளும் நிழல்களும் மறைந்துபோனால் பூனைக்கு உண்மையிலேயே பூலோகம் அமைதியாகிவிடுகிறது என்பதைப் பழமொழி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காற்றோட்டத்திற்கு ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் போதும்.

முதல் ஒரு மணி நேரம்தான் கடினமானது. கூலாயைத் தாண்டும்வரை பூனை ஓயாமல் கத்துகிறது. இரவின் அமைதியில் அந்த ஓசை இருவரின் நெஞ்சையும் பிசைகிறது.

“பாவம், கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்ளேன். நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்” என்கிறார் தோழி.

“வேண்டாம். பேசிக்கொண்டே இரு, போதும். குரல் கேட்டால் அடங்கிவிடும்” என்கிறார் ஆசிரியை.

இரக்கப்படுவது தவறன்று. ஆனால், அந்த இரக்கம் கூண்டைத் திறக்கும் கையாக மாறும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. மிரண்ட பூனை மடியில் நில்லாது. ஓட்டுநரின் காலடியில், பிரேக் மிதிக்கு அடியில் போய் ஒடுங்கும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனத்தில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. யோங் பெங் வருமுன் கத்தல் முனகலாகிறது. பாகோவைக் கடக்கையில் அதுவும் நின்றுவிடுகிறது.

ஓய்விடங்களில்தான் தோழியின் உண்மையான உதவி தெரிகிறது. தனியாகப் பயணம் செய்பவர் கழிவறைக்குச் செல்லும்போது பூனையை வண்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டிய வண்டி வெயிலில் அடுப்பாகிவிடும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், வெயிலில் நிறுத்தப்பட்ட மகிழுந்தின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் உயர்ந்தது. அதில் 80 விழுக்காடு முதல் 30 நிமிடங்களிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைத்ததால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இயல்பு. பூனை அப்படிச் செய்தால் அது துன்பத்தின் அடையாளம். எனவே, சிரம்பான் ஓய்விடத்தில் ஒருவர் இறங்கினால் மற்றவர் குளிரூட்டி ஓடும் வண்டியிலேயே இருக்கிறார். முதலில் தோழி ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வருகிறார், பிறகு ஆசிரியை. இருவரும் சேர்ந்து அமர்ந்து தேநீர் அருந்தும் சுகம் இந்தப் பயணத்தில் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொண்டு, வண்டிக்குள்ளேயே மணல் தட்டும் தண்ணீரும் வைத்துப் பார்க்கிறார்கள். பூனை இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. கவலைப்பட வேண்டியதில்லை, உடல்நலமுள்ள பூனைகள் பல, பயணம் முடியும்வரை அடக்கிக்கொள்ளும்.

வண்டியின் எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்பும் “கூண்டு பூட்டியிருக்கிறதா?” என்று ஒருவர் கேட்க, மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்கிறார். பத்தாவது முறை கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆயினும், கேட்பதை நிறுத்தவில்லை. சொந்த வீட்டருகே தொலைந்த பூனையும் ஓய்விடத்தில் தொலைந்த பூனையும் ஒன்றல்ல. தொலைந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மீட்கப்பட்டவற்றுள் நான்கில் மூன்று, காணாமற்போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. பல நாள் பொறுமையாகத் தேடியதன் பயன் அது. அஞ்சிய பூனை கூப்பிட்டால் குரல் கொடுக்காது. புதரிலோ கால்வாயிலோ அசையாமல் கிடக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் எத்தனை நாள் தேட முடியும்? ஞாயிற்றுக்கிழமை பள்ளி காத்திருக்கிறது.

கோலாலம்பூரைக் கடந்த பின் பயணம் எளிதாகிறது. பீடோர் கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஊர். தோழி ஒரு பை வாங்கிக்கொள்கிறார். டுரியான் வாங்கும் எண்ணம் மட்டும் உடனே கைவிடப்படுகிறது. மூடிய வண்டியில் அந்த மணத்தை மனிதர்களே தாங்குவது கடினம். ஈப்போவைத் தாண்டியதும் மலைகளுக்கிடையே மெனோரா சுரங்கப்பாதை. உள்ளே நுழைந்ததும் ஒலி மாறுகிறது. துணிக்குள்ளிருந்து ஒரே ஒரு ‘மியாவ்’. அதன் பிறகு ஜூரு, சுங்கை பட்டாணி, இருபுறமும் விரியும் கெடாவின் வயல்கள்.

புதிய வீட்டை அடைந்ததும் கூண்டைத் திறந்து பூனையை வீடு முழுவதும் உலவவிடும் ஆசை எழும். அதுவும் சரியன்று. முதலில் ஓர் அறை போதும். சன்னல் மூடப்பட்ட அந்த அறையில் துவைக்காத துண்டு, பழைய மணலில் இரண்டு கை கலந்த மணல் தட்டு, தண்ணீர், உணவு. கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆசிரியை ஓரமாக அமர்ந்து தேர்வுத்தாள் திருத்துவதுபோல் ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும். இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. சில பூனைகள் அரை மணி நேரத்தில் வெளிவரும். சில மறுநாள்தான் வரும்.

இந்தப் பூனை நள்ளிரவில் உணவைத் தொடுகிறது. சனிக்கிழமை முழுவதும் கட்டிலுக்கடியில். அன்றிரவு ஷஹாப் பெர்டானா நிலையத்திலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பேருந்து ஏறும் தோழி, சன்னல் வழியே கேட்கும் கடைசிக் கேள்வியும் பூனையைப் பற்றியதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை புதிய பள்ளியில் தம் வகுப்பறை எது, ஆசிரியர் அறை எது என்று பிறரிடம் கேட்டுக் கேட்டு நடக்கிறார். மாலையில் வீடு திரும்பி அறைக்கதவை மெல்லத் திறக்கும்போது, பூனை எழுந்து வந்து கதவின் ஓரத்தில் கன்னத்தை ஒருமுறை உரசிவிட்டு, மீண்டும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வாசற்கதவுக்கு இன்னும் மூன்று வாரமாவது பூட்டு இருக்கும்.