ஒரு வீடு, நாலு வருமானம்

கொழுந்துச் சம்பளத்தை மட்டும் நம்பி வாழாத வீடுகள் நம்ம லயங்களில் பல. அம்மா மலைக்குப் போகிறார். அப்பா மரக்கறி போடுகிறார். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். பட்டியில் ஒரு மாடு. இது நல்லதுதான். ஒன்று சறுக்கினால் மற்றது தாங்கும். ஆனால் நாலு பக்கமும் காசு வந்தும், மாசக் கடைசியில் தோடு அடகுக்குப் போகிறதே, ஏன்?

காசு ஒரே நேரத்தில் வருவதில்லை. சம்பளத்துக்கு நாள் உண்டு. கரட் காசு விதைத்து மூன்று மாதம் போனால்தான். அதுவும் அன்றைய சந்தை விலைக்கு. ஆகவே அரிசி, மா, பள்ளிக்கூடச் செலவு ஆகியவற்றைச் சம்பளத்திலும் பால் காசிலும் வையுங்கள். கரட் காசை நம்பிக் கடையில் பற்று வைக்காதீர்கள். அது வந்தால் பழைய கடனுக்கும் அடுத்த விதைக்கும் சேமிப்புக்கும் போகட்டும்.

“மரக்கறிக்காக நாலு பேர் போனால் என்ன?” என்று சிலர் கேட்பாங்க. கணக்குப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1350 ரூபா நாட்சம்பளப்படி:

நாலு நாள் சம்பளம் – 5400 ரூபா
தோட்டம் கட்டும் ஈ.பி.எப். (நூற்றுக்கு 12) – 648 ரூபா
ஈ.டி.எப். (நூற்றுக்கு 3) – 162 ரூபா
மொத்தம் – 6210 ரூபா

விதை, உரம், மருந்து, லொறிக் கூலி எல்லாம் கழித்து, அந்த நாலு நாள் உழைப்பு இதற்கு மேல் தந்தால்தான் லாபம். சம்பளம் கூடினாலும் கணக்கு முறை இதுதான்.

பணிக்கொடையையும் மறக்க வேண்டாம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாலரை வருடத்தில் பேரை வெட்டிக்கொண்டு போனால் அது கிடைக்காது.

கடை வேலைக்கும் முதல் நாளிலிருந்தே முதலாளி ஈ.பி.எப். கட்ட வேண்டும். மகன் வந்தால் கேளுங்கள்: “தம்பி, உனக்கு ஈ.பி.எப். நம்பர் இருக்கா?”

வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச:

1. போன மாசம் எந்தெந்த வழியில், எந்தத் தேதியில் காசு வந்தது? ஒரு கொப்பியில் எழுதுங்கள்.
2. மரக்கறிக்காக எத்தனை பேர் போனது?
3. மலையால் வந்த பிறகு மாட்டுக்குப் புல் அறுப்பது யார்? அந்த உழைப்பைக் கணக்கில் சேர்த்தீர்களா?