ஒரு பிக்சலுக்குள் 1350 அளவீடுகள்

டெஸ்க்டாப் மென்பொருளில் வரைபடம் போடுவதற்கான லைப்ரரிகளின் பூர்வீகத்தைத் தோண்டினால் ஒரு வேடிக்கை தென்படும். மேட்பிளாட்லிப்பை 2003இல் வெளியிட்ட ஜான் ஹன்டர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பைக்யூட்டிகிராஃபை எழுதிய லூக் கம்பக்னோலா, நரம்பு செல்களின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் ஆய்வகத்திலிருந்து வந்தவர். சி ஷார்ப்பில் எழுதுபவர்களுக்குப் பழக்கமான ஸ்காட்பிளாட்டின் ஸ்காட் ஹார்டனும் அதே நரம்பியல் துறைக்காரர்தான்.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நொடிக்குப் பல்லாயிரம் அளவீடுகள் வந்து கொட்ட, அதில் ஒரு மில்லிநொடி மட்டும் துள்ளி அடங்கும் துடிப்பைக் கண்ணால் பிடிக்க வேண்டிய வேலை அவர்களுடையது. இழுத்துப் பார்க்கவும், பெரிதாக்கிப் பார்க்கவும், ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பார்க்கவும் முடியாத படத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? பாய்லர் அறையிலும் மின்மாற்றி நிலையத்திலும் மருந்துக் கிடங்கிலும் வரைபடத்தின் முன் உட்காருபவரின் தேவையும் ஏறக்குறைய இதுவே.

மருந்துக் கிடங்கையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான தடுப்பூசிகள், இன்சுலின் போன்றவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு கிடங்கின் குளிர் அறைகளுக்காக எழுதப்பட்ட மென்பொருளில் எனக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு அறையிலும் சென்சார், நொடிக்கு ஓர் அளவீடு, பைத்தானும் பைக்யூட்டிகிராஃபும் சேர்ந்த ஒரு விண்டோஸ் மென்பொருள். முதல் வடிவத்தைப் பார்த்த கிடங்குப் பொறுப்பாளர் இப்படிக் கேட்டார்: “தம்பி, கோடெல்லாம் நல்லாத்தான் ஓடுது. நேத்து ராத்திரி கரண்ட் போச்சுல்ல, அப்ப ரெண்டாம் ரூம்ல எவ்வளவு ஏறிச்சு, எத்தனை நிமிஷம் அப்படியே நின்னுச்சு? அதைக் காட்டுங்க.”

லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சிப் பாடங்கள் பத்து வரியில் ஒரு சைன் அலையை வரைந்து காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகுதான் வேலையே.

நொடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 86,400 அளவீடுகள். 30 நாளுக்கு 25,92,000. திரையின் அகலமோ 1920 பிக்சல். ஒரு மாதத்தை முழுத்திரையில் விரித்தால் ஒவ்வொரு பிக்சல் நெடுவரிசைக்குள்ளும் 1350 அளவீடுகள் அடைபட வேண்டும்; நேரக் கணக்கில் இருபத்திரண்டரை நிமிடம். எல்லாவற்றையும் வரையச் சொன்னால் மென்பொருள் திணறும். எதையோ விட்டாக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் சிக்கல்.

5 டிகிரியில் இருக்கும் அறை, சரக்கு இறக்கும்போது மூன்று நிமிடம் 9.5 டிகிரிக்கு ஏறி இறங்கியதாக வைத்துக்கொள்வோம். 1350 அளவீடுகளுக்கும் சராசரி எடுத்தால் 5.6 டிகிரி வரும். படத்தில் ஒரு சின்ன மேடு. 8 டிகிரிக் கோட்டின் பக்கமே போகாது. 1350இல் ஒன்றை மட்டும் எடுத்து மீதியை விட்டுவிட்டால், அந்த மூன்று நிமிடம் கண்ணில் படுவதற்கு ஏழரையில் ஒரு பங்கு வாய்ப்பு. அதைவிட மோசம், ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து அகலமாக்கினால் உச்சி தோன்றும், சுருக்கினால் மறையும். பார்ப்பவர் சென்சாரைச் சந்தேகிப்பார்.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மிகக் குறைந்த மதிப்பு, மிக அதிகமான மதிப்பு இரண்டையும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவதே இங்கே சரியான வழி. பைக்யூட்டிகிராஃபின் டவுன்சாம்பிளிங்கில் ‘சப்சாம்பிள்’, ‘மீன்’, ‘பீக்’ என்று மூன்று முறைகள் உண்டு. மூன்றாவது இதைத்தான் செய்கிறது. கூடவே ‘கிளிப் டு வியூ’வையும் போட்டுவிட்டால், திரைக்கு வெளியே இருக்கும் தரவை வரைய முயலாது. ஒரு நிபந்தனை: நேர அச்சின் மதிப்புகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். இரண்டு கோப்புகளைச் சேர்த்து ஏற்றும்போது வரிசை கலைந்தால் படத்தின் ஒரு பகுதி காணாமல்போகும், பிழைச்செய்தி எதுவும் வராது. ஸ்காட்பிளாட்டில் சீரான இடைவெளியுள்ள தரவுக்கென்றே ‘சிக்னல்’ வகை வரைபடம் இருக்கிறது. புள்ளி எங்கே விழும் என்பதைத் தேடாமல் கணக்குப் போட்டே கண்டுபிடிப்பதால் அது வேகமாக ஓடும். ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2013இல் ஸ்வெய்ன் ஸ்டெய்னர்சன் தன் முதுகலை ஆய்வேட்டில் விளக்கிய எல்டிடிபி முறையும் இன்று பல லைப்ரரிகளில் இருக்கிறது. கோட்டின் வடிவத்தை அழகாகக் காப்பாற்றும் முறை அது. ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளியை மட்டுமே வைத்துக்கொள்வதால், உச்சம் தவறக் கூடாத இடத்தில் நான் பீக் முறையையே நம்புவேன்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நிமிடத்துக்கு ஒரு குறைந்த மதிப்பு, ஒரு அதிக மதிப்பு என்று தரவுத்தளத்திலேயே தனி அட்டவணை வைத்துவிட்டால் ஒரு மாதத்துக்கு 43,200 வரிசைகள்தான். மாதப் படத்தை அதிலிருந்து வரைந்துவிட்டு, பார்ப்பவர் சில மணி நேரத்துக்குள் ஜூம் செய்யும்போது மட்டும் நொடிக் கணக்குத் தரவை எடுத்துவரலாம். மவுஸை இழுக்க இழுக்க ‘வரம்பு மாறியது’ என்ற சிக்னல் விடாமல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளத்தைத் தட்டினால் கதை முடிந்தது. கை நின்று 200 மில்லிநொடி ஆன பிறகு ஒரே ஒரு முறை கேட்கும்படி ஒரு டைமர் வைத்தால் போதும்.

மின்சாரம் போனால் சென்சார் பெட்டியும் சில நேரம் அணைந்துவிடும். அணைவதற்கு முன் 4.8 டிகிரி, மறுபடி உயிர் பெற்றபோது 6.1 டிகிரி. நடுவில் 40 நிமிடம் தரவே இல்லை. லைப்ரரி என்ன செய்யும்? இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடும். பார்ப்பவருக்கு வெப்பம் நிதானமாக ஏறியது போலத் தெரியும். அந்த 40 நிமிடத்தில் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. இடைவெளியில் ஒரு ‘நேன்’ (எண் அல்ல) மதிப்பைச் செருகி, இணைப்பு முறையை ‘ஃபைனைட்’ என்று வைத்தால் கோடு அங்கே அறுந்து நிற்கும். அந்த இடத்துக்குச் சாம்பல் நிறப் பின்னணியும் கொடுத்தால் யாரும் கேட்காமலே புரியும்.

நேர அச்சில் இந்தியர்களுக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது. பைத்தானின் எண்கணக்கு லைப்ரரியான நம்பை, நேர மண்டலம் குறிப்பிடாத தேதியை உலகப் பொது நேரமாகவே எடுத்துக்கொள்ளும். பைக்யூட்டிகிராஃபின் தேதி அச்சு அதைக் கணினியின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். நள்ளிரவில் எடுத்த அளவீடு விடிகாலை 5.30க்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். படம் ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். இன்னொன்று இதைவிடக் கள்ளத்தனமானது. நினைவகத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி நேர முத்திரைகளை 32 பிட் தசம எண்ணில் வைப்பார்கள். யூனிக்ஸ் நேரம் இப்போது 170 கோடி நொடிகளைத் தாண்டிவிட்டது. அந்த அளவில் 32 பிட் எண்ணால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய இடைவெளி 128 நொடி. இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட அளவீடுகள் எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் குவிந்து, படம் படிக்கட்டு போல ஆகிவிடும். 64 பிட்டையே வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது நாளின் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ண வேண்டும்.

சரி, தரவு ஒழுங்காகிவிட்டது. இனி கை வைக்கும் பகுதி.

பல லைப்ரரிகளில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் இரண்டு அச்சும் சேர்ந்து விரியும். கணக்கு வாத்தியாருக்கு அது வசதி. கிடங்குக்காரர் இரண்டு உருட்டு உருட்டியதும் வெறும் வெள்ளைத் திரையின் முன் முழிப்பார். நேரத்தோடு மாறும் தரவுக்குச் செங்குத்து அச்சைப் பூட்டிவிடுவதே உத்தமம். 0 முதல் 15 டிகிரி வரை நிலையாக இருந்தால் எந்த நாளையும் எந்த நாளோடும் கண்ணாலேயே ஒப்பிடலாம். முழுப் படத்துக்குத் திரும்ப வலது கிளிக் மெனுவில் வழி இருக்கிறதே என்று நிரலாளர் சொல்வார். வலது கிளிக் செய்து பார்க்கும் பயனரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பெரிய பட்டன் ஒன்றை வெளியே வையுங்கள்.

புதிய அளவீடு வந்ததும் பழைய படத்தை அழித்துவிட்டு முழுக்க மறுபடி வரைவது தொடக்கநிலை நிரல்களில் சகஜம். யாரோ நேற்றிரவு 2 மணியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த நொடியே படம் குதித்துப் பழைய இடத்துக்குப் போய்விடும். கோட்டை ஒருமுறை உருவாக்கிவிட்டு, அதன் பிறகு ‘செட்டேட்டா’வால் மதிப்புகளை மட்டும் மாற்றினால் ஜூம் கலையாது, வேகமும் கூடும். கோட்டின் தடிமனையும் கவனிக்க வேண்டும். பைக்யூட்டிகிராஃபுக்கு அடித்தளமான க்யூட்டியில் 1 பிக்சலுக்கு மேல் தடித்த கோடு வரைவது கணிசமாக மெதுவாகும். அழகுக்காக 2 என்று மாற்றியதும் மென்பொருள் இழுத்தால் காரணம் அதுதான்.

கர்சரோடு நகரும் குறுக்குக் கோடும் அந்த இடத்தின் மதிப்பும் எல்லாரும் எதிர்பார்ப்பவை. மவுஸ் நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறை தன் இடத்தைச் சொல்லும். ‘சிக்னல் பிராக்ஸி’ மூலம் அதை 60க்குள் மட்டுப்படுத்தலாம். அருகிலுள்ள புள்ளியைத் தேட, வரிசைப்படுத்திய நேரப் பட்டியலில் நம்பையின் ‘சர்ச்சார்டட்’ போதும். 25,92,000 அளவீடுகளுக்குள் 22 ஒப்பீடுகளில் விடை கிடைத்துவிடும். மதிப்பைக் கர்சரின் பக்கத்தில் மிதக்கவிட்டால் அது கோட்டையே மறைக்கும். மேலே ஒரு மூலையில் நிலையாகக் காட்டுவதே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

பொறுப்பாளரின் கேள்விக்கு உண்மையில் பதில் சொன்னது ‘லீனியர் ரீஜன் ஐட்டம்’ என்ற, இழுக்கக்கூடிய ஒரு பட்டை. கீழே முழு நாளின் சிறிய படம். அதில் பட்டையை மின்வெட்டு நேரத்தின்மேல் நகர்த்தினால் மேலே அந்தப் பகுதி பெரிதாக விரியும். பட்டைக்குள் அதிகபட்சம் எவ்வளவு, 8 டிகிரிக்கு மேல் எத்தனை நிமிடம் என்ற இரண்டு எண்கள் பக்கத்திலேயே மாறும். எண்களைச் சுருக்கப்பட்ட படத்திலிருந்து எடுக்காமல் மூலத் தரவிலிருந்து கணக்கிட வேண்டும். அதைப் பார்த்த பிறகு அவர் கேட்டது வேறு கேள்வி: “இது காத்தோட சூடா, மருந்தோட சூடா?” நியாயமான கேள்வி. கதவைத் திறந்ததும் காற்று சட்டென ஏறும், குப்பிக்குள் இருக்கும் திரவம் மெதுவாகத்தான் ஏறும். அதனால்தான் தடுப்பூசிக் கிடங்குகளில் சென்சார் முனையை கிளைக்கால் என்ற திரவம் நிரப்பிய குப்பிக்குள் வைப்பது உண்டு. இரண்டையும் இரண்டு கோடுகளாகக் காட்டியதும் பாதி வாக்குவாதம் ஓய்ந்தது.

மாதத் தரவை ஏற்றும் வேலையைத் தனி திரெட்டுக்கு மாற்றாவிட்டால் ஜன்னல் உறைந்து, விண்டோஸ் ‘நாட் ரெஸ்பான்டிங்’ என்று போர்டு மாட்டிவிடும். ஆனால் அந்தத் திரெட்டிலிருந்து வரைபடத்தை நேரடியாகத் தொடக் கூடாது. தொட்டால் பல நாள் ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். தரவை க்யூட்டியின் சிக்னல் வழியாக முதன்மைத் திரெட்டுக்கு அனுப்பி அங்கே வரைய வேண்டும்.

மூல நிரலைக் கொடுக்காமல் விற்கப்போகும் மென்பொருளென்றால் உரிமங்களையும் முன்பே படித்துவிட வேண்டும். பைக்யூட்டிகிராஃப் எம்ஐடி உரிமத்தில் வருகிறது. க்யூட்டியைப் பைத்தானோடு இணைக்கும் பைக்யூட்டி ஜிபிஎல் அல்லது கட்டண உரிமம். அதே வேலையைச் செய்யும் பைசைடு எல்ஜிபிஎல்லிலும் கிடைக்கும். க்யூட்டியின் வரைபடத் தொகுப்பான க்யூட்டி சார்ட்ஸுக்கு எல்ஜிபிஎல் கிடையாது.

அச்சுகளின் பெயர்களைத் தமிழில் போட விரும்புபவர்களுக்கு ஒரு தகவல். மேட்பிளாட்லிப் நெடுங்காலமாக எழுத்துகளை யூனிகோடு வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வந்தது. ‘வெப்பம்’ என்று கொடுத்தால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சேர்த்துக் கோப்பதற்கு ஹார்ஃப்பஸ் என்ற கருவியை க்யூட்டி பயன்படுத்துவதால், பைக்யூட்டிகிராஃபில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கும்.

கடைசியாக, தாளில் அச்சிடுவது. ஆய்வுக்கு வருபவர்கள் தாளில்தான் கேட்பார்கள், அலுவலகத்தில் இருப்பதோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை பிரின்டர். திரையில் சிவப்பும் பச்சையுமாக இருந்த இரண்டு அறைகள் தாளில் ஒரே சாம்பலாகிவிடும். ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் மாற்றி, பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்யலாம். லட்சக்கணக்கான புள்ளிகளோடு எஸ்விஜி கோப்பு எடுத்தால் அதைத் திறக்கவே கணினி மூச்சுவாங்கும். தாளில் ஜூம் செய்ய முடியாதென்பதால் நாளின் அதிகபட்சமும் குறைந்தபட்சமும், 8 டிகிரியைத் தாண்டிய நேரங்களும் படத்துக்குக் கீழே ஒரு சிறிய அட்டவணையாக இருக்க வேண்டும். அச்சுப் பிரதிக்கு மட்டும் கோட்டின் தடிமனை 2 ஆக்கிக்கொள்ளலாம்; ஒருமுறைதான் வரையப்போகிறது, நேரம் கொஞ்சம் கூடினால் யாருக்கும் தெரியாது.