பேட்டரியா, ரெகுலேட்டரா, காயிலா? எதற்குக் காசு கொடுப்பது

ஏடிவி காலையில் கிளம்ப மறுத்தால் முதலில் மாற்றப்படுவது பேட்டரிதான். புதுசு மாட்டியதும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பும், எல்லாருக்கும் திருப்தி. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே 'டிக் டிக்' சத்தம். கழற்றிப் போட்ட பழைய பேட்டரியில் கோளாறே இல்லாமல் இருந்திருக்கலாம். அதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டிய பகுதி படுத்துவிட்டிருக்கும். பினாங்கின் பாலிக் புலாவ் டுரியான் தோட்டங்களிலும், தெலுக் பஹாங் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடும் வண்டிகளிலும் இது ஓயாத கதை. பேட்டரி, ரெகுலேட்டர், மேக்னட் காயில், வயரிங் என்ற நான்கில் எதைச் சந்தேகிப்பது, எதை வாங்குவது, எதை வாங்காமல் தப்பிப்பது என்று பார்க்கலாம்.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட வேண்டாம். தோட்டங்களில் ஓடும் சின்ன ஏடிவிகளில் பல சீனத் தயாரிப்பு. 110 சிசி படுக்கை எஞ்சின் என்றால் அது ஹோண்டா கப்பின் வம்சம். 1958-ல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விற்றவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. அவர் பெயர் தாங்கிய ஹோண்டா தொழிற்சாலை இன்று பத்து காவானில் இருக்கிறது. இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. கப்சாய் பழுது பார்க்கும் எந்தப் பொமனுக்கும் இந்த ஏடிவியின் மின்சுற்று பாதிக்கு மேல் பழகியது. வயர் நிறங்கள்கூடப் பெரும்பாலும் ஹோண்டா வழக்கம்தான்: பச்சை எர்த், சிவப்பு பேட்டரி பாசிட்டிவ், வெள்ளை சார்ஜிங் காயில், மஞ்சள் விளக்குக் காயில். ரெகுலேட்டரில் நான்கு முனை இருக்கும். இதை நான்கு முனை வண்டி என்று வைத்துக்கொள்வோம்.

மற்றது மூன்று வயர் வண்டி. எஞ்சினிலிருந்து ஒரே நிறத்தில் மூன்று வயர்கள், பெரும்பாலும் மஞ்சள், ரெகுலேட்டருக்குப் போகும். 300 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் பெரும்பாலும் இந்த ரகம். நடுவில் நிற்பது 150 சிசி ஜிஒய்6 எஞ்சின். அதில் 8 துருவக் காயில் என்றால் நான்கு முனை, 11 துருவம் என்றால் பெரும்பாலும் மூன்று வயர். இந்தப் பிரிவினை தெரியாமல் செய்யும் சோதனை தவறான பதிலையே தரும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கார்புரேட்டர் வண்டிகளில் பலவற்றுக்கு இக்னிஷன் மின்சாரம் காயிலிலேயே தனிச் சுற்றிலிருந்து வரும். பேட்டரி செத்தாலும் கயிறு இழுத்தோ உதைத்தோ கிளப்பிவிட்டால் ஓடும். பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாக ஊட்டும் வண்டியில் அந்தச் சலுகை இல்லை. வோல்டேஜ் இறங்கினால் பம்ப்பும் வண்டியின் மூளையான கம்ப்யூட்டரும் சேர்ந்து படுத்துவிடும். தானியங்கி பெல்ட் கியர் என்றால் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை. மலைச்சரிவின் நடுவில் இப்படி நின்றுபோனால் கீழே நடந்துதான் வர வேண்டும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர் சார்ஜிங் கோளாறை நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிவைக்கக் கூடாது.

இனி சோதனை. வேண்டியது ஒரு டிஜிட்டல் மீட்டர். ஹார்ட்வேர் கடையில் சில பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழையது இன்னும் மலிவு. ஆனால் அங்கே வாங்கினால், நன்றாக இருக்கும் ஒரு கார் பேட்டரியில் வைத்துப் பார்த்து எண் சரியாக வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று எண்கள் போதும். வண்டியை இரவு முழுதும் நிறுத்திவைத்து, காலையில் சாவி போடாமல் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். ஈய அமில பேட்டரி நிறைந்திருந்தால் 12.6-க்கு மேல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. இரண்டாவது, ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் எண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சார்ஜ் நிறைந்த பேட்டரி 9.6-க்குக் கீழே விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது வேகத்தைக் கூட்டி நடுத்தரச் சுழற்சியில் பிடித்துப் பார்ப்பது. 13.5-க்கும் 14.8-க்கும் இடையில் நின்றால் சார்ஜிங் அமைப்பு நலம். போய் பேட்டரியையும் உங்கள் பழக்கத்தையும் பாருங்கள். நிறுத்தியிருந்தபோது காட்டிய எண்ணிலிருந்து அசையவே இல்லையென்றால் மின்சாரம் வந்து சேரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது, அல்லது அதன் எர்த் சரியில்லை. இந்த எர்த் விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். ரெகுலேட்டரின் பச்சை வயரில் துரு ஏறினால் அது வோல்டேஜைக் குறைவாகவே உணரும். இன்னும் வேண்டும் என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகும். பேட்டரி கொதித்து வீங்கும், பல்புகள் கருகும்.

நான்கு முனை வண்டிக்கு ஒரு சலுகை கொடுக்க வேண்டும். அது மின்னலையின் ஒரு பாதியை மட்டும்தான் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆகவே ஐட்லிங்கில் 13-க்குக் கீழே காட்டினால் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகம் கூட்டும்போது ஏறுகிறதா என்பதே கேள்வி.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பது சில பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. 'அப்பவும் ஓடினா சார்ஜிங் ஓகே' என்பது அவர்கள் கணக்கு. பேட்டரி இல்லாத சுற்றில் வோல்டேஜ் தாறுமாறாகத் துள்ளும். பல்பு போனால் சின்ன நஷ்டம், வண்டியின் மூளை போனால் மாதச் சம்பளம். உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள்.

மின்சாரம் வரவில்லை என்று மீட்டர் சொல்லிவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது பிளக்குகளை. இங்கேதான் பினாங்கின் தட்பவெப்பம் தன் வேலையைக் காட்டுகிறது. கடலோரத்து உப்புக் காற்று, செப்டம்பர், அக்டோபர் மழை, மலைச் சேறு, அதற்கு மேல் ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் உயரழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது. அந்தத் தண்ணீர் பிளக்குக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பித்தளை முனை பச்சை பூக்கும், தடை கூடும், சூடு ஏறும், பிளாஸ்டிக் உருகும். காயிலுக்கும் ரெகுலேட்டருக்கும் இடையிலுள்ள பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கருகிய வாசனை வந்தால் பாதி விடை கிடைத்தது. ரெகுலேட்டரின் சிவப்பு முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையில், எஞ்சின் ஓடும்போது, மீட்டரை வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் களவு போகிறது. முனையை வெட்டி, புதிதாக அழுத்தி, கிரீஸ் தடவி மூடினால் வேலை முடிந்தது. பொருள் வாங்கும் செலவே இல்லாத இந்தப் பழுதைத்தான் முதலில் தேட வேண்டும். ஆனால் விற்பதற்கு ஒன்றும் இல்லாததால் கடைக்காரர் இதை முதலில் சொல்வது அபூர்வம்.

பிளக் சுத்தம் என்றால் காயிலா ரெகுலேட்டரா என்ற கேள்வி. காயிலைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அதை மீட்டரால் உறுதியாகச் சொல்ல முடியும். மூன்று வயர் வண்டியில் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு ஜோடி வயருக்கும் இடையில் தடையை அளந்து பாருங்கள். ஒரு ஓம்முக்குள், மூன்று ஜோடிக்கும் ஒரே மாதிரி வர வேண்டும். எந்த வயரும் எஞ்சின் உடம்போடு தொடர்பு காட்டக் கூடாது. பிறகு மீட்டரை ஏசிக்கு மாற்றி, பிளக் கழன்றபடியே எஞ்சினை ஓட்டுங்கள். வேகம் கூடக்கூட வோல்ட் ஏறி, 5000 சுழற்சியில் 50-ஐத் தாண்டி, மூன்று ஜோடியிலும் சமமாக வந்தால் காயில் நலம். ஒரு ஜோடி மட்டும் பின்தங்கினால் காயில் போய்விட்டது, விவாதமே வேண்டாம். இந்த முனைகளில் கை வைக்காதீர்கள், நன்றாகவே அடிக்கும்.

நான்கு முனை வண்டியில் இதே விதியைப் போட்டால் நல்ல காயிலைக் குப்பையில் போடுவீர்கள். அங்கே காயிலின் ஒரு முனை பிறவியிலேயே எர்த்தோடு கட்டப்பட்டது. வெள்ளை வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் தொடர்பு இருக்கத்தான் வேண்டும், ஏறக்குறைய ஒரு ஓம் அல்லது அதற்கும் குறைவாக. தொடர்பே இல்லையென்றால்தான் கோளாறு. பெரிய வண்டிகளில் பழகிய கை இங்கே தவறுவதற்குக் காரணம் இதுதான்.

காயில் தேறிவிட்டால், பிளக்குகளும் தேறிவிட்டால், மிச்சம் ரெகுலேட்டர். அதை மீட்டரின் டயோடு சோதனையில் வைத்துத் தீர்ப்புச் சொல்வார்கள். முழுதாக எரிந்துபோன ஒன்றைத்தான் அது பிடிக்கும். சூடானபின் மட்டும் தடுமாறும் ரெகுலேட்டர் குளிர்ந்த மேசையில் பரீட்சை எழுதித் தேறிவிடும். நல்லதென்று தெரிந்த இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. நான்கு முனை ரெகுலேட்டர் மலிவு, ஒன்று கையிருப்பில் இருக்கலாம்.

இப்போது வாங்கும் கட்டம். ரெகுலேட்டரில் இரண்டு ரகம். வழக்கமாக வருவது ஷன்ட் ரகம். தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைக் காயிலையே குறுக்கிணைத்து எரித்துத் தீர்க்கும். நீங்கள் விளக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் காயில் முழுச் சுமையில்தான் வேகும். சீரிஸ் ரகம் தேவை முடிந்ததும் சுற்றைத் திறந்துவிடும், காயில் குளிர்ச்சியாக இருக்கும். ஷிண்டென்கென் தயாரிக்கும் எஸ்எச்775 இந்த ரகத்தில் பேர்பெற்றது. போலாரிஸ் வண்டிகளில் வருவது. மூன்று வயர் வண்டியில் காயிலோ ரெகுலேட்டரோ இரண்டாவது முறையாகப் போயிருந்தால், என் தீர்ப்பு சீரிஸ் ரகம்தான். நான்கு முனை வண்டிக்கு இது பொருந்தாது. அங்கே சாதாரண ரெகுலேட்டரைக் காற்றுப் படும் இடத்தில், சேறு மூடாமல் பொருத்தினாலே போதும்.

காயிலுக்கு மூன்று வழி: கம்பெனி பொருள், சந்தைப் பொருள், பழையதற்கே மறுபடி கம்பி சுற்றுவது. 110 சிசிக்கும் ஜிஒய்6-க்கும் சந்தைப் பொருளே சரி, விலைக்கு ஏற்ற வேலை செய்யும். பழைய காயிலைக் கையோடு கொண்டுபோய், துருவ எண்ணிக்கை, போல்ட் துளை, பிளக் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பேர் தெரியாத பிராண்டு, உதிரிப் பொருள் வருவதே இல்லை என்றால் கம்பி சுற்றும் பட்டறைக்குப் போங்கள். 180 டிகிரி வெப்பம் தாங்கும் எனாமல் கம்பிதானா என்று கேளுங்கள், ஏனென்றால் காயில் பல எஞ்சின்களில் சுடும் எண்ணெயில்தான் வாழ்கிறது. இன்ஜெக்டர் வைத்த விலை உயர்ந்த வண்டிக்குக் கம்பெனி காயிலைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேட்டரியில் தண்ணீர் ஊற்றும் பழைய ரகத்தை மலைச்சரிவுக்கு வாங்க வேண்டாம். சாய்ந்தால் அமிலம் வழியும். மூடிய ஏஜிஎம் ரகம்தான் பொதுவான நல்ல தேர்வு. லித்தியம் எடையில் மூன்றில் ஒரு பங்கு. குளிர்நாட்டில் அதற்குள்ள தொந்தரவு நமக்கு இல்லை. ஆனால் அதிக வோல்டேஜை அது பொறுக்காது. ரெகுலேட்டர் 14.6-க்குள் நிற்கிறது என்று மீட்டரில் பார்க்காமல் லித்தியம் வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. மேலே சொன்ன 12.6 கணக்கும் இதற்குச் செல்லாது, நிறைந்த லித்தியம் 13.3 அளவில் நிற்கும்.

எல்லாம் நலமாக இருந்தும் பேட்டரி இறங்குகிறதா? அப்படியானால் உங்கள் வரவு செலவுக் கணக்கு இடிக்கிறது. டுரியான் இரவில் விழும், விடியுமுன் பொறுக்க வேண்டும் என்பதற்காக 72 வாட் எல்இடி பட்டை மாட்டியிருப்பீர்கள். அது ஒன்றே 6 ஆம்பியர் தின்னும். சின்ன எஞ்சினின் சார்ஜிங் காயில் மெதுவான ஓட்டத்தில் அவ்வளவு தராது. இழுவை வின்ச் முழுப் பளுவில் 100 ஆம்பியருக்கும் மேல் கேட்கும், 9 ஆம்பியர்-அவர் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும்? சுற்றுலா வண்டிகளின் கதை வேறு: ஐந்து நிமிடம் ஊர்வது, படம் எடுக்க நிறுத்துவது, மறுபடி ஸ்டார்ட்டர். போன சார்ஜ் திரும்ப ஏறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. இவர்களுக்குப் புதுக் காயிலால் பயனில்லை. இரவில் தானாகவே நின்றுகொள்ளும் சார்ஜர் ஒன்றை மாட்டிவைப்பதே தீர்வு.

தோட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதத்துப் பழம் விழத் தொடங்குமுன், வண்டி நலமாக இருக்கும்போதே, மேலே சொன்ன மூன்று எண்களையும் அளந்து பேட்டரி மூடியின் உட்புறம் மார்க்கர் பேனாவால் தேதியோடு எழுதிவையுங்கள். பொமனிடம் போகும்போது அந்த மூடியையும் காட்டுங்கள்.