பாம்புக் கூண்டில் வெப்பமும் வெளிச்சமும்



நம் பிள்ளைகள் சிலருக்குப் பாம்பு வளர்க்கும் ஆசை உண்டு. முதலில் சட்டத்தை அறிவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நல்லபாம்பு, சாரை, நம் நாட்டு மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு போன்றவற்றுக்கும் 2024 விதிகளின்படி பதிவு வேண்டும்.

பாம்பு தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளாது. வெயிலில் காயும், சூடு மிகுந்தால் நிழலுக்கு ஒதுங்கும். கூண்டிலும் அதற்கு இந்த இரண்டும் கிடைக்க வேண்டும்.

1. பந்து மலைப்பாம்புக்கு ஒரு பக்கம் 31 முதல் 33 செல்சியஸ், மறுபக்கம் 25 அளவில் இருக்கட்டும். இரு பக்கமும் மறைவிடம் வையுங்கள்.

2. பல்பைக் கூண்டுக்குள் தொங்கவிடாதீர்கள். பாம்பு சூடான பொருளை ஒட்டியே கிடந்து தோல் வெந்துபோகும். மின்சாரத்தில் சூடேறும் கல்லும் ஆகாது. எந்தச் சூட்டுக் கருவிக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம்.

3. பகலில் 12 மணி நேரம் வெளிச்சம். இரவில் முழு இருட்டு. சிவப்பு விளக்கும் வேண்டாம்.

வாளையாரில் கோடையில் குளிரை விடச் சூடே எமன். ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. அப்போது சூட்டு விளக்கை அணையுங்கள். கண்ணாடிக் கூண்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளை மண்பானையில் மணலிட்டு, வாயைத் துணியால் கட்டிக் கூரை நிழலில் வைக்கிறது. நம் வெயிலுக்கு ஏற்ற பாடம் அது.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் பிடித்து அடைக்காதீர்கள். கேரள வனத்துறையின் ‘சர்ப்பா’ செயலி வழியே உதவி கேளுங்கள்.