யாரைக் கேட்பது? எவ்வாறு ஆராய்வது?

சங்கத்தின் கடனுதவியால் அங்கத்தினர் நலம் பெற்றனரா என்றறிய நாம் ஒருமுறை விசாரணை செய்தோம். பேரவைக் கூட்டத்திற்கு வந்தோரையே வினவினோம், பெரும்பாலோர் நலமென்றனர். பதிவேட்டைப் புரட்டியபோதுதான் பிழை விளங்கிற்று. தவணை தவறியோரும் கல்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழ்வோரும் கூட்டத்திற்கே வந்திலர். இடருற்றோர் குரல் நம் அறிக்கையில் ஏறவில்லை.

ஆகவே, முதலில் அங்கத்தினர் அனைவரின் பெயர்ப்பட்டியலை எழுதுக. நெசவாளர், சமவெளிப் பயிரிடுவோர், மலைப் பயிரிடுவோர் எனப் பிரித்திடுக. முறையே 80, 120, 40 பேர் உளரெனின், நால்வருக்கு ஒருவராக 20, 30, 10 பேரைத் திருவுளச்சீட்டால் தேர்க. உத்திரமேரூரில் சோழர் காலத்தில் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். வேண்டியவர், வேண்டாதவர் என்ற வேற்றுமைக்கு அங்கு இடமில்லை. சீட்டில் வந்தவர் வீட்டில் இல்லையெனில் அடுத்த வீட்டாரை வினவலாகாது. மீண்டும் செல்லுதல் வேண்டும். விடையளிக்க மறுத்தாலும் கடனுக்கு ஊறு நேராது என்பதை முன்னரே உரைத்திடுக.

அடுத்து, ஆராய்ச்சியின் அமைப்பு. இன்றைய நிலையை மட்டும் அறிய ஒருமுறை கேட்டல் போதும். கடனால் விளைந்த பயனை அறிய, கடனுக்கு முன்னும் பின்னும் கேட்டல் வேண்டும். அதுவும் போதாது, நல்ல மழையாலும் விளைச்சல் பெருகலாம் அன்றோ? ஆதலின் அதே பருவத்தில், அதே அளவு நிலமுடைய, கடன் பெறாதாரையும் உடன் வைத்து ஒப்பிடுதல் தகும்.

நெடுங்கால மாறுதலை அறிய நம் பக்கத்திலேயே சான்றுண்டு. கள்ளக்குறிச்சியும் அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு என்னும் சிற்றூரை, சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தொடங்கிய கிராம ஆய்வில் சேர்த்தனர். 1936-37, 1981, 2008 ஆகிய ஆண்டுகளில் பிறர் அவ்வூரையே மீண்டும் ஆராய்ந்தனர். ஸ்லேட்டர் தேர்ந்த ஊர்கள் சீட்டால் வந்தவையல்ல. அவர்தம் மாணாக்கரின் சொந்த ஊர்கள். எனவே இருவேல்பட்டைக் கொண்டு மாவட்டம் முழுவதையும் அளத்தல் பொருந்தாது. ஆயினும் நிலமும் கூலியும் தலைமுறைதோறும் மாறிய வரலாற்றை ஓரூரைத் தொடர்ந்து கண்டமையாலேயே அறிய முடிந்தது.

வினாவிற்கேற்ற அமைப்பும், விருப்பு வெறுப்பற்ற தேர்வும் இணைந்தாலன்றி அறிக்கை உண்மை பேசாது. அடுத்த விசாரணைக்குப் புறப்படும் அன்பர்கள் கூட்டத்திற்கு வராதவர் வாயிலுக்கும் செல்வாராக.