சரக்கறிவோம்: கோடாலிகருப்பூர் சேலை



கடுக்காய், படிகாரம், வெல்லம் ஆகிய மூன்றும் நம் மளிகைக் கடைகளில் அன்றாடம் விற்பவை. இச்சரக்குகளைக் கொண்டுதான் நம் பகுதியில் ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கே துணி தயாரானது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

இன்றைய அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டத்தில் உள்ளது கோடாலிகருப்பூர். தஞ்சை மராத்திய மன்னர் குடும்பத்துக்கான சேலைகள் இங்கு தயாராயின. மெல்லிய பருத்தி நூலோடு சரிகை சேர்த்து நெய்து, அதன்மேல் மெழுகிட்டும், கையால் வரைந்தும், மர அச்சால் பதித்தும் சாயமேற்றினர். சிவப்புச் சாயத்தினூடே சரிகை செம்புபோல் மின்னுவது இதன் தனிச்சிறப்பு.

சாயம் பிடிப்பது எப்படி?

1. கடுக்காய்: கொட்டை நீக்கிய தோலே பயன்படும். அதன் துவர்ப்பு நூலில் ஏறினால்தான் பின்னர் இடும் சாயம் நிலைக்கும்.

2. கறுப்பு: துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்த கரைசல், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும்.

3. சிவப்பு: படிகாரக் கரைசலைப் பதித்த துணியைச் சாயவேர் போட்ட நீரில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் நன்கு சிவக்கும். படிகாரத்தில் இரும்பு கலந்தால் சிவப்பு மங்கிவிடும். எனவே சாயத்துக்கு விற்கும் படிகாரத்தைத் துருப்பிடித்த டின்னில் வைக்கக் கூடாது.

தொழில் ஏன் நின்றது?

1855-இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். தஞ்சை அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனைக் கொள்முதல் நின்றதும் சேலைத் தொழிலும் படிப்படியாக நசிந்தது. 1870-க்குப் பின் செயற்கைச் சிவப்புச் சாயமும் சந்தைக்கு வந்து, சாயவேரின் மதிப்பைக் குறைத்தது.

சரக்கு உயர்ந்த தரம்தான். ஆனால் வாங்கிய இடம் ஒன்றே. ஒரே சிமெண்ட் ஆலைக் கேண்டீனுக்கோ, ஒரே விடுதிக்கோ மட்டும் சரக்குப் போடும் நாமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வாசல் அடைபட்டால் கல்லாவுக்கு வேறு வழி உண்டா?

இன்று நாம் செய்ய வேண்டியது

கோயில் தொம்பை, தேர்ச்சீலை போன்றவற்றில் வாழ்ந்துவரும் கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனவே ஜவுளி விற்கும் நண்பர்கள் கவனிக்க:

• ஆலையில் அச்சடித்த துணியைக் ‘கருப்பூர்’ என்று பெயரிட்டு விற்பது சட்டப்படி குற்றம். பில்லில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

• கை அச்சில் அச்சு சேரும் இடங்களில் சிறு விலகல் தெரியும். அதைக் குறையென்று எண்ணித் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்குங்கள்.

• இயற்கைச் சாயத் துணிக்குச் ‘சாயமே போகாது’ என்று உறுதி கூறாதீர்கள். முதல் சலவையைத் தனியாகச் செய்து, நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள்.

அரண்மனை ஒன்றையே நம்பியிருந்த தொழிலுக்கு இன்று ஆயிரம் கடைகள் வாசலாகலாம். அதில் நம் கடையும் ஒன்றாக இருக்கட்டும்.